ஆர்என்ஏ சிதைந்த பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) ஃப்யூஷன் (இரு மரபணுக்களின் இணைவு) தேட வழி உண்டா?

வணக்கம். நான்கு மாதக் குழந்தை, தொடையில் ஸ்பிண்டில் செல் (கதிர் வடிவ செல்) கட்டி. இடிவி6 மரபணு உடைந்துள்ளதா என ஒளிரும் குறியால் பார்க்கும் ஃபிஷ் சோதனை நெகட்டிவ். டிஆர்கே புரதங்களைக் காட்டும் பான்-டிஆர்கே ஸ்டெயின் பரவலாக பாசிட்டிவ். ஃபிஷ் நெகட்டிவ் என்பதை வைத்து இன்ஃபன்டைல் ஃபைப்ரோசர்கோமாவை (பெரும்பாலும் இடிவி6-என்டிஆர்கே3 ஃப்யூஷன் கொண்ட குழந்தைப் பருவப் புற்றுக்கட்டி) ஒதுக்க முடியாது. என்டிஆர்கே1, பிராஃப், மெட் ஃப்யூஷன்களும் இதே தோற்றம் தரும். பிகார் மரபணு மாற்றம் கொண்ட கட்டிகளும் பான்-டிஆர்கே ஏற்கும் என்பதால், ஸ்டெயினை மட்டும் நம்பி லாரோட்ரெக்டினிப் (டிஆர்கே தடுப்பு மருந்து) தொடங்குவது சரியல்ல.

பாரஃபின் பிளாக்கில் டிவி200 (200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள ஆர்என்ஏ துண்டுகளின் பங்கு) வெறும் 20 சதவீதம். ஆர்என்ஏ சீக்வென்சிங் தோற்றுவிட்டது. உறைய வைத்த திசு இல்லை. பிகார் மரபணுவின் எக்ஸான் 15 பகுதி இரட்டிப்பை டிஎன்ஏவில் தனியாகப் பார்க்கிறோம், ஃப்யூஷன் பேனலில் அது நழுவக்கூடும்.

இவ்வளவு சிதைந்த மாதிரியில் ஆங்கர்டு மல்டிப்ளெக்ஸ் பிசிஆர் (ஒரு மரபணு தெரிந்தாலே அதன் ஜோடியைத் தேடும் முறை) யாருக்காவது கைகொடுத்ததா? எத்தனை நானோகிராம் ஆர்என்ஏ போட்டீர்கள்? அல்லது என்டிஆர்கே1 உடைந்துள்ளதா எனப் பார்க்கும் பிரேக்-அபார்ட் ஃபிஷ்ஷை முதலில் செய்வதா? குழந்தைக்கு மறு பயாப்ஸியைத் தவிர்க்கப் பார்க்கிறோம். தயவுசெய்து விரைந்து சொல்லுங்கள்.