காலேஜ் வாசல் கிரண் விமானம்: ரிவெட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி, பெயின்ட் கொப்புளம். ஆண்டு விழாவுக்கு முன்னாடி என்ன செய்யலாம்?

கீழ்வேளூர்_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஏரோ துறை லேப் டெக்னீஷியன் நான். எங்க வாசல்ல விமானப்படை கொடுத்த பழைய கிரண் மார்க் 1 பயிற்சி விமானம் நிக்குது. இன்ஜின் இல்லை, கூடு மட்டும்தான். கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல இருக்கு.

இறக்கைக்கு அடிப்பக்கம் ரிவெட் வரிசை பூரா பெயின்ட் உப்பிக்கிட்டு நிக்குது. நகத்தால கீறினா உள்ள வெள்ளைப் பொடி, தொட்டா ஈரம். வேடிக்கை என்னன்னா, வெயிலும் மழையும் நேரா வாங்குற மேல்பக்கம் நல்லாத்தான் இருக்கு. மழை விட்டு நாள் கணக்கா ஆனப்புறமும் வால் பக்கம் அடியில சொட்டுது. 2018 கஜாவுக்கு அப்புறம், அடுத்த புயல்ல உருண்டுடக் கூடாதுன்னு மூணு சக்கரத்தையும் பாதி உயரத்துக்கு சிமென்ட் போட்டுப் புதைச்சிருக்காங்க. காக்பிட்டை மூடுற கேனபி கண்ணாடி வெளுத்து, உள்ள ஒண்ணும் தெரியலை.

மாசி கடைசியில ஆண்டு விழா. பெயின்ட் கான்ட்ராக்டர், "கிரைண்டர்ல கம்பி வீல் மாட்டிச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கை, மேல எனாமல் ரெண்டு கை, ரெண்டே நாள்"ன்னுட்டார். பிரின்சிபல் தலையாட்டிட்டார். எனக்கு மனசு ஒப்பலை. ஏன் வேண்டாம்னு அவர்கிட்ட எடுத்துச் சொல்ல காரணம் வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கும்பகோணம்_பெயின்டர்:
கேட்டு, கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு சரி. அலுமினியத்துல அது பிடிக்காது தம்பி, ஒரு மழைக்காலம் தாண்டாது, தோல் தோலா உரியும். ஹார்டுவேர் கடையில ஜிங்க் குரோமேட் மஞ்சள் பிரைமர்னு கேளுங்க. மத்தபடி அவர் சொன்ன மாதிரி அடிச்சுட்டுப் போகலாம். பறக்கவா போகுது?

ஓய்வு_ஏர்ஃப்ரேம்:
தம்பி, முதல்ல அந்த கிரைண்டரை நிறுத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். விமானப்படையில ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா, அதாவது விமானக் கூட்டைப் பழுது பார்க்கிறவனா இருந்து ஓய்வு வாங்கினவன் நான், இப்போ திருவையாறு பக்கம் நெல்லு, உளுந்துன்னு இருக்கேன்.

விமானத் தகடு சுத்த அலுமினியம் இல்லை. செம்பு கலந்த டுராலுமின் வகை. பலம் அதிகம், ஆனா உப்புக்காத்துல சீக்கிரம் அரிக்கும். அதனால பல தகடுகள்ல மேலயும் கீழயும் சுத்த அலுமினியத்தை மெல்லிசா ஒட்டவெச்சு உருட்டியிருப்பாங்க. மெல்லிய தகட்டில அந்தப் படலம் ஒரு பக்கத்துக்கு மொத்த தடிமன்ல ஏறத்தாழ 5 சதவீதம். ஒரு மில்லிமீட்டர் தகடுன்னா 0.05 மில்லிமீட்டர். கிரைண்டர் ஒரு தடவை ஓடினா அது போச்சு. அதோட இரும்புக் கம்பித் துகள் தகட்டுல குத்தி நின்னு, அது துருப்பிடிச்சு, ஒவ்வொரு துகளைச் சுத்தியும் புதுசா ஒரு குழி.

இன்னொண்ணு, பிரின்சிபல்கிட்ட இதைத்தான் முதல்ல சொல்லுங்க. அந்தக் காலத்து விமானத்துக்கு அடி பிரைமரே குரோமேட்தான். மேல் பெயின்டுக்குக் கீழ பச்சை மஞ்சளா ஒரு பூச்சு தெரியுதா பாருங்க. அதைக் கிரைண்டர்ல பறக்கவிட்டா அந்தத் தூசி புற்றுநோய் வரவழைக்கிற சமாச்சாரம். பசங்க நடமாடுற வாசல்ல அதைச் செய்யவே கூடாது. தண்ணி ஊத்தி ஈரமாத்தான் தேய்க்கணும், முகமூடி கட்டாயம், வழிஞ்ச தண்ணியைச் சாக்கடையில விடாம பிடிச்சு வைக்கணும், மாணவர்களை அந்த வேலைக்கு விடக்கூடாது.

அடிப்பக்கம் ஏன் மோசம்னு கேட்டீங்க. மேல்பக்கத்து உப்பை மழை கழுவிடுது. அடியில உப்பு படியும், மழை படாது, விடியக்காலைப் பனி மட்டும் இறங்கி அந்த உப்பை ஈரமாவே வெச்சிருக்கும். வெயில் அங்க எட்டாது. அதனால கழுவுறவங்க மேல அடிச்சுட்டுப் போயிடாம குனிஞ்சு அடியைக் கழுவணும்.

நாகை_போட்யார்டு:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். போர் தண்ணியில கழுவாதீங்க. நாகைப் பக்கம் பாதி போர் உப்புத்தான், அதுல கழுவினா உப்பைத் துடைச்சுட்டு உப்பையே தடவுன கதை. கொள்ளிடத்துத் தண்ணி குழாய்ல வந்தா அது, இல்லைன்னா தொட்டியில பிடிச்ச மழைத் தண்ணி. தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் கெமிஸ்ட்ரி லேப்லயே இருக்கும், விட்டுப் பாருங்க.

அப்புறம் ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு தடவை பாருங்க. காணாமப் போன இடத்துல யாராவது கடை ஸ்க்ரூ முடுக்கியிருப்பாங்க. அலுமினியமும் எஸ்எஸ்ஸும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) உப்புத் தண்ணியில தொட்டுக்கிட்டா அலுமினியம்தான் கரையும். தகடு பெருசு, ஸ்க்ரூ சின்னது, அதனால முழுத் தகடும் போகாது. ஓட்டையைச் சுத்தி மட்டும் தின்னும். எங்க படகு யார்டுல ஸ்க்ரூவை ஈர பிரைமர்ல தோய்ச்சுதான் இறக்குவோம். காயிறதுக்குள்ள முடுக்கிடணும், அப்பத்தான் ரெண்டுக்கும் நடுவுல ஒரு படலம் நிக்கும்.

ஓய்வு_ஏர்ஃப்ரேம்:
போட்யார்டு தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. விமானத்துலயும் அதே முறைதான்.

சிமென்டுக்கு வரேன், ஏன்னா உங்க பட்டியல்ல எனக்குப் பயம் தர்றது அதுதான். அலுமினியத்து மேல இயல்பாவே ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் அதுக்குக் கவசம். பிஎச் 4-லேர்ந்து எட்டரை வரைக்கும் அது தாங்கும். புது சிமென்ட் 12-க்கு மேல. போட்ட அன்னிக்கே சக்கரத்தைக் கடிக்க ஆரம்பிச்சிருக்கும். அப்புறம் வருஷம் பூரா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டே இருக்கும். சக்கரம் மக்னீசியக் கலவையா இருந்தா உப்பு ஈரத்துல இன்னும் மோசம். வாஷிங் சோடா, காஸ்டிக் சோடா எதுவும் கிட்ட வரக்கூடாதுங்கறதும் இதே காரணம். கார் ஷாம்பூ போதும்.

ஆனா சிமென்டை இப்பவே உடைக்காதீங்க. விமானத்தோட எடை எதுல நிக்குதுன்னு தெரியாம உடைச்சா ஒரு பக்கமா சாயும். முதல்ல தாங்கு, அப்புறம்தான் உளி. பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதிர்ச்சி கால் முழுக்க ஏறும். நல்ல கொத்தனார் சுத்தியல் உளியில பொறுமையா எடுப்பார். ஷாக் அப்சார்பர் காலுக்குள்ள அழுத்தக் காத்து இன்னும் இருக்கலாம். அதோட மூடி, நட்டு எதையும் தொடாதீங்க, தெறிச்சா ஆளைக் கொல்லும்.

கீழ்வேளூர்_லேப்:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. இவ்வளவு எதிர்பார்க்கலை. காக்பிட்டைத் திறந்து பசங்களை உக்கார வெச்சு போட்டோ எடுக்கலாம்னு விழாக் கமிட்டியில ஒரு யோசனை. டேஷ்போர்டு மீட்டர் ரெண்டு மூணைக் கழட்டி லேப்ல காட்சிக்கு வைக்கலாம்னும் பேச்சு. செய்யலாமா? முதலாண்டுப் பசங்க இன்னொண்ணும் கேக்குறாங்க: தஞ்சாவூர்ல 2020-லேர்ந்து சுகோய் போர் விமானம் நிக்குது, அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைங்க. இதை ஒரு நாளாவது ஓட வெக்க முடியுமான்னு.

ஓய்வு_ஏர்ஃப்ரேம்:
ஓட வெக்க முடியாது. பறக்கிற நிலைக்குக் கொண்டு வர்றது வேற உலகம். விமானப்படையோட பழைய டக்கோட்டா சரக்கு விமானம், விபி 905, இங்கிலாந்துல சீரமைச்சு 2018-ல இங்க பறந்து வந்துச்சு. அதுக்குப் பின்னால உதிரி பாகம், பதிவேடு, ஆய்வுன்னு ஒரு படையே வேலை செஞ்சிருக்கும். உங்களது அரிக்காம நின்னாலே பெரிய விஷயம். பசங்களுக்கு வேணும்னா, இந்த ரகத்தோட முதல் மாதிரி 1964 செப்டம்பர்ல பறந்துச்சு, எச்ஏஎல்ல (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நம்ம ஆளுங்களே வடிவமைச்சதுன்னு பலகை எழுதி வைங்க.

காக்பிட் பத்தி: வேண்டாம். கிரண்ல ரெண்டு இருக்கையும், ஆபத்துல பைலட்டை வெளியே எறியிற மார்ட்டின்-பேக்கர் ரகம். உள்ள வெடிமருந்துக் குப்பி இருக்கும். கொடுக்கும்போது எடுத்திருப்பாங்க, எடுத்திருக்கணும். ஆனா "எடுத்திருப்பாங்க"ங்கறதை நம்பி ஒரு பிள்ளையை அதுல உக்கார வைக்கக் கூடாது. விமானம் ஒப்படைச்சப்ப வந்த காகிதத்தைத் தேடுங்க, இருக்கை செயலிழக்கச் செய்யப்பட்டதுன்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கொடுத்த பிரிவுக்கே கடிதம் போடுங்க, வந்து பார்ப்பாங்க. அதுவரைக்கும் கறுப்பு மஞ்சள் வரி போட்ட கைப்பிடி எதையும் யாரும் தொடக்கூடாது. காக்பிட்டைப் பூட்டுங்க.

மீட்டரும் கழட்டாதீங்க. அறுபதுகள் வரைக்கும் செஞ்ச பல மீட்டர்கள்ல எழுத்துக்கு ரேடியம் பூச்சு. இருட்டுல இப்போ ஒளிரலைன்னா தீர்ந்துபோச்சுன்னு நினைச்சுக்கறாங்க. ஒளிர்ற பொருள்தான் செத்திருக்கும். ரேடியம்-226-ஓட அரை ஆயுள் 1600 வருஷம். உங்களதுல இருக்கா இல்லையான்னு கதிர்வீச்சு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த பேச்சு. பூச்சு உதிர்ந்து மூச்சுல போறதுதான் ஆபத்து.

கேனபிக்குத் தின்னர், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி, பழைய பேப்பர் எதுவும் ஆகாது. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். தண்ணி நிறைய ஊத்தி வெறுங்கையால தடவிக் கழுவுங்க. வெளுப்பு மேலோட்டமா இருந்தா பிளாஸ்டிக் பாலிஷ்ல போகும். உள்ளுக்குள்ள மயிரிழை வெடிப்பா இருந்தா போகாது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, உள்ள வேர்த்து நாசமாகும். வெள்ளைக் காடாத் துணி.

கீழ்வேளூர்_லேப்:
ஒரு வாரக் கதை சொல்றேன். குரோமேட் தூசின்னு சொன்னதுமே பிரின்சிபல் கிரைண்டரை நிறுத்திட்டார், மத்த காரணமெல்லாம் தேவையே படலை. விழாவுக்குக் கழுவித் துடைச்சு, சுத்திக் கயிறு கட்டி, பலகை மட்டும். பெயின்ட் பங்குனியில.

வால் பக்கம் சொட்டினது ஏன்னு தெரிஞ்சுது. தண்ணி வடியறதுக்கு அடியில வரிசையா சின்ன ஓட்டைகள் இருக்கணுமாம், ஐயா போன்ல சொன்னார். முன்னாடி பெயின்ட் அடிச்சவங்க பட்டி பார்த்தப்ப அதையும் ஆணி ஓட்டைன்னு நினைச்சு நிரவி அடைச்சிருக்காங்க. மூங்கில் குச்சியை ஊசியாச் சீவிக் குத்தினேன். முதல்ல ஒண்ணும் வரலை, அப்புறம் கறுப்பாக் குழம்பு, பின்னாலேயே தண்ணி, அரை வாளிக்குக் குறையாது. அதுல குளவி மண்ணு, மைனாக் கூட்டு வைக்கோல், ஒரு துருப்பிடிச்ச கடை ஸ்க்ரூ. போட்யார்டு அண்ணே, நீங்க சொன்ன ஸ்க்ரூ. பைப்புக்குள்ள விட்டுப் பார்க்கிற போன் கேமராவை உள்ள விட்டோம். வால் பக்கம் அடித்தகடு ரெண்டு இடத்துல ஏடு ஏடாப் பிரிஞ்சு நிக்குது, மேல பார்த்தா ஒண்ணுமே தெரியலை.

ரெண்டு கேள்வி. பங்குனியில எந்த நேரத்துல பிரைமர் அடிக்கிறது? ஜாக் எங்க வைக்கிறது?

கும்பகோணம்_பெயின்டர்:
குரோமேட் இவ்வளவு ஆபத்துன்னா, ஜிங்க் பாஸ்பேட் எப்பாக்ஸி பிரைமர் வாங்கிக்குங்க, அலுமினியத்துக்குன்னு டப்பாவுல போட்டிருக்கணும். மேல ரெண்டு பாகம் கலக்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். பனி காய்ஞ்சு ஒன்பது மணிக்கு மேல ஆரம்பிச்சு, தகடு கையைச் சுடுறதுக்குள்ள நிறுத்திடுங்க. கணக்காச் சொன்னா, தகட்டோட சூடு பனி இறங்குற வெப்பநிலையை விட 3 டிகிரியாவது கூட இருக்கணும், ஈரப்பதம் 85-க்குக் கீழ. ஓட்டைகளுக்குத் தீக்குச்சி சொருகிட்டு அடிங்க. முடிச்சதும் மறக்காம உருவுங்க.

ஓய்வு_ஏர்ஃப்ரேம்:
ஏடு ஏடாப் பிரிஞ்ச தகட்டைத் தேய்ச்சு சரி பண்ண முடியாது. ரிவெட் எடுத்து ஒட்டுத் தகடு போடணும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரும் ஏறி நிக்க வேண்டாம்.

ஜாக் வைக்கிற இடம் இறக்கை அடியிலயும் உடம்புலயும் குறிச்சிருக்கும், பழைய பெயின்டுக்கு அடியில மறைஞ்சிருக்கலாம். ஈரத்துணியால துடைச்சுத் தேடுங்க. வெறும் தகட்டுல வெச்சா உள்ள போயிடும். வாலுக்கு அடியில பனங்கட்டை அடுக்கி மேல ரப்பர் ஷீட் போட்டு ஒரு முட்டு கட்டாயம் கொடுங்க. மூக்குப் பக்கம் சாமான் எடுத்த விமானம் வாலைக் குத்தி உக்காந்துடும். சிமென்ட் எடுக்கிற அன்னிக்கு நான் வரேன், முதல் நாளே போன் பண்ணுங்க. கொத்தனாரை ரெண்டு பேரா சொல்லி வைங்க.