கிச்சனில் நாமே போட்ட ஓபன் ஷெல்ஃப்: உங்கள் அனுபவம் எப்படி?

நானே ஆரம்பிக்கிறேன். மதுரையில் எங்கள் வீடு பழையது, செங்கல் சுவர். சமையலறையில் இருந்தது இரண்டு கடப்பா கல் தட்டும் ஒரு பரணும்தான். மாடுலர் போடப் பணமும் இல்லை, மனசும் இல்லை. பழைய மரம் விற்கும் கடையில் இடித்த வீட்டுத் தேக்குப் பலகை கிடைத்தது, அதை இழைக்கக் கொண்டுபோனால் ஆணி ஒன்று விடாமல் பிடுங்கினால்தான் மெஷினில் விடுவேன் என்றுவிட்டார் அந்த அண்ணன். தலை உடைந்து உள்ளேயே நிற்கும் ஆணியில் பட்டால் பிளேடு போய்விடுமாம். ஒரு காந்தத்தை எடுத்துப் பலகை மேல் மெல்ல இழுத்தார், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் எல்லாம் டக்கென்று ஒட்டுகிறது. பழைய பலகை வாங்குகிறவர்கள் கையில் ஒரு காந்தத்தோடு போங்கள்.

என்னைக் கேட்டால் பலகை என்ன மரம் என்பதைவிட சுவர் என்ன சுவர் என்று பார்ப்பதுதான் முக்கியம். டிரில் போடும்போது விழும் பொடியைக் கவனியுங்கள். முதலில் சாம்பலாக வருவது சிமெண்ட் பூச்சு, ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற பிளக் அதிலேயே நின்றுவிட்டால் கனம் தாங்காது. சிவப்பாகச் செங்கல் பொடி கொட்ட ஆரம்பித்த பிறகும் நன்றாக உள்ளே இறக்கணும். நான் 8 மி.மீ. பிட், 2 இஞ்சு ஸ்க்ரூ, 4 அடிப் பலகைக்கு மூன்று எல் ஆங்கிள் என்று போட்டேன். டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் ஓட்டை விழும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லில் ஹாமர், அதாவது இடித்து இடித்துத் துளைக்கிற மோடு, போடாமல் ஓட்டுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே கை வைக்கவே வேண்டாம், வயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் மேலே போகும்.

பக்கத்து வீட்டில் வேலை பார்த்த கொத்தனார் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு ரசமட்டத்தைக் கொடுத்தார். வைத்துப் பார்த்தால் டைல்ஸ் கோடே லேசாக ஒரு பக்கம் சரிந்திருக்கிறது! "மட்டத்துக்குப் போட்டா கோணலாத் தெரியும், கோட்டுக்குப் போட்டா நேராத் தெரியும், எது வேணும்மா?" என்றார். கோட்டுக்கே போட்டேன். பாட்டில் உருளுகிற அளவுக்குச் சரிவு இல்லை, வருகிறவர்கள் யார் ரசமட்டத்தோடு வரப்போகிறார்கள்.

அடித்தட்டின் உயரத்துக்கு மட்டும் இணையத்தில் சொல்லும் கணக்கை நம்பாமல், மேடையில் மிக்ஸியை வைத்து, பெரிய ஜாரையும் மாட்டி, மூடியைத் திறந்து எடுக்கக் கைக்கு இடம் விட்டு அளந்தேன். அடுப்புக்கு நேர் மேலே தட்டு கிடையாது. குக்கர் ஆவி அடித்தால் எந்த மரமும் தாங்காது.

அலங்காரம் என்று படங்களில் பார்க்கிற சமாச்சாரம் நம் ஊர் தாளிப்புக்கு ஒத்துவராது. தினமும் எடுத்துக் கழுவுகிற டம்ளர், தூக்கு, வடிதட்டு இதெல்லாம் தானாகவே சுத்தமாக இருக்கிறது. அழகுக்கு வைத்த பித்தளைச் செம்பைத்தான் தொட முடியவில்லை, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து மேலே கெட்டியாக ஒரு படலம். அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பூஜை அறைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது ஊறுகாய் ஜாடி இரண்டு, புளி போட்டு வைக்கிற மங்கு ஒன்று, தினப்படி அஞ்சறைப்பெட்டி. அவ்வளவுதான் அலங்காரம். "என்னடி, பாத்திரக்கடை மாதிரி வெளியில அடுக்கி வச்சிருக்க" என்று மாமியார் ஆரம்பத்தில் முணுமுணுத்தார், இப்போது கரண்டியைத் தேடி என்னைக் கூப்பிடுவதில்லை.

~~~

அக்கா, சுவர் பற்றிச் சொன்னது நூறு சதவீதம் சரி. நாங்கள் சென்னையில் அபார்ட்மெண்டில் இருக்கிறோம், உள்சுவர் எல்லாம் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி உள்ள லேசான சிமெண்ட் கல். ஷெல்ஃப் மாட்ட வந்தவர் செங்கல் சுவருக்குப் போடுகிற அதே சின்ன பிளக்கை ஹாமர் வைத்துப் போட்டுவிட்டுப் போனார், மளிகை டப்பா எல்லாம் ஏற்றிய பிறகு ஆங்கிள் மெல்ல மெல்ல முன்னால் சாய ஆரம்பித்தது. இறக்கிப் பார்த்தால் ஓட்டை அகண்டு, உள்ளே வெறும் வெள்ளை மாவு. அந்தக் கல்லில் ஹாமரே போடக் கூடாது, ஏஏசிக்கு என்றே நீளமான நைலான் பிளக் தனியாக விற்கிறது, அதைக் கேட்டு வாங்கணும். இடத்தைக் கொஞ்சம் தள்ளி மறுபடி மாட்டினோம், இப்போது அதில் டீ கப், மசாலா பாட்டில் மட்டும். அரிசி, எண்ணெய் டின் எல்லாம் கீழேதான்.

~~~

கோவையில் வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் காலண்டருக்கே ஆணி அடிக்க விடமாட்டார், அப்புறம் எங்கே டிரில். மேடை மேலேயே நிற்கிற மாதிரி இரண்டு தட்டு ஸ்டாண்ட் செய்துகொண்டேன், ப்ளைவுட்தான். சிங்க் பக்கம் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை, அதாவது ஈரம் தாங்குகிற ப்ளைவுட், வாங்குங்கள், கொஞ்சம் விலை கூட. அதையும் விட, அறுத்த ஓரத்தை அப்படியே விடாதீர்கள், தண்ணீர் புகுவது அந்த வழியாகத்தான். ஓரத்துக்குப் பிரைமர் இரண்டு கை, மேலே எனாமல் பெயிண்ட். காலி செய்யும்போது கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடலாம், அட்வான்ஸில் ஒரு பைசா பிடிக்க வழியில்லை.

மணி பிளாண்ட் பாட்டில் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டிப் பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு இப்படித் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரிலும் முட்டை இடும்.

~~~

எல்லாம் சரிங்க, பல்லிக்கு என்ன செய்கிறீர்கள்? அந்த ஒரு பயத்தில்தான் நான் இன்னும் கதவு போட்ட கப்போர்டை விடாமல் இருக்கிறேன்.

~~~

முதலில் எழுதியவள்தான். டம்ளர், கிண்ணம் எல்லாம் கவிழ்த்துத்தான் வைக்கணும், தட்டுகளை நிறுத்தி வைக்கணும், எடுத்தவுடன் ஒரு அலசு அலசிவிட்டுத்தான் சோறு போடணும். பல்லி வராமல் இருக்க முட்டை ஓடு, மயிலிறகு என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, அதுபாட்டுக்கு டியூப்லைட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அருவருப்பு அதிகம் என்றால் கப்போர்டிலேயே இருங்கள், தப்பே இல்லை.