மறு: ‘நிலையான வளர்ச்சி’க்கு மாற்றுச் சொல்

வணக்கம். ஆங்கிலத்தில் ‘sustainable development’ என்பதற்கு நான் புதுச்சொல் தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘நீடித்த நிலையான வளர்ச்சி’ அரசு ஆவணங்களில் ஊன்றிவிட்டது. இப்போது எதற்குப் புதுச்சொல்?

ஊன்றியது உண்மைதான். 2015இல் ஐ.நா. 17 இலக்குகளை அறிவித்த பிறகு அது இன்னும் பரவிவிட்டது. இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’, சூழலியல் எழுதுகிறவர்களிடம் ‘வளங்குன்றா வளர்ச்சி’. மூன்றின் மீதும் எனக்குக் கோபமில்லை. சிறுதொழில் செய்கிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். அவர்களுக்கு மூன்றும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளம் போடும் அக்கா ஒருவரிடம் வரைவைக் காட்டினேன். கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு வாசித்தார். “நிலையானன்னா அப்படியே நிக்கிறதுதானே தம்பி? நிக்கிறது எப்படி வளரும்?”

அப்புறம் அவர் கதையைச் சொன்னார். உளுந்து மாவுக்குக் கையில் ரொக்கம் வைத்தாக வேண்டும். பாக்கெட் வாங்கும் பெரிய கடையோ பில்லை மூன்று மாதம் இழுக்கும். ஆர்டர் இரட்டித்த மாதத்தில்தான் மாவு வாங்கக் காசில்லாமல் வளையலை அடகு வைத்திருக்கிறார். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவெல்லாம் இருக்கிறது. இவர்களைப் போன்றவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே! “யாவாரம் கூடுச்சு தம்பி, முதல் கரைஞ்சிருச்சு” என்றார்.

நான் தேடிய சொல் அதில் இருந்தது. வருங்காலத்தவர் தேவைக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்றுதான் 1987இல் ஐ.நா. ஆணையத்தின் புருண்ட்லாண்ட் அறிக்கை இந்த வளர்ச்சியை வரையறுத்தது. கடைக்காரர் பேச்சில் அது முதலைத் தின்னாமல் லாபத்தில் பிழைப்பது. ஆகவே என் பரிந்துரை: முதல்குன்றா வளர்ச்சி. ‘வளங்குன்றா’ இருக்கும் அதே அச்சில் வார்த்ததுதான்.

> வெறும் பணக்கணக்காகிவிடுமே? சூழல் எங்கே போனது?

நல்ல கேள்வி அம்மா. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற ஒருவரிடம் போர்வெல் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். கல்லாவில் எவ்வளவு என்று கேட்டதுபோல் முகம் மாறும். தண்ணீர் அவருக்கு முதல். முடிச்சுப் போடும் விரலும் முதல்தான். துணியை நுனியில் கிள்ளி, நூலை இறுக்கிச் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, பிரித்தால் புள்ளி. கூலி கட்டுப்படியாகாததால் அம்மா போட்ட முடிச்சை மகள் கற்றுக்கொள்வதில்லை; புள்ளிகளை அச்சில் அடித்துவிடுகிறார்கள். விற்பனைக் கணக்கில் இந்த நட்டம் எங்குமே ஏறாது. ‘நிலையான’ என்ற சொல்லுக்கும் இது பிடிபடாது. ‘முதல்’ என்றால் பணம், தண்ணீர், கைத்திறன் மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதலாம்.

வில்லங்கங்களையும் நானே சொல்லிவிடுகிறேன். பிரித்து ‘முதல் குன்றா வளர்ச்சி’ என்று எழுதினால் ‘முதலாவது’ என்ற பொருள் வந்து குறுக்கே நிற்கும். சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஐ உருபு சேர்ந்தால் ‘முதலை’. ‘முதலைக் காப்போம்’ என்று தலைப்புப் போட்டால் பண்ணையிலிருந்து ஆள் வருவார்கள்! வேற்றுமைப் பொருள் இல்லாத அல்வழிப் புணர்ச்சியில் ‘ல்’ அப்படியே நிற்கலாம், ‘ற்’ ஆகவும் மாறலாம் என்பதால் ‘முதற்குன்றா’வும் பிழையில்லை. ஆனால் அப்பளக்கார அக்காவிடம் அதை நீட்ட எனக்குத் தைரியமில்லை.

பெயர்ச்சொல்லாக ‘முதல்குன்றாமை’ சரியாகவே வருகிறது. காடு, வேளாண்மை, சுற்றுலா என்று வந்தால் ‘வளங்குன்றா’வே இருக்கட்டும், அங்கே இதைத் திணிக்கவில்லை. நடுத்தர நிறுவனங்களுக்கும் இது பொருந்துமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில் பத்திருபது பேரை வைத்து வேலை வாங்குபவர்கள் ‘கேப்பிட்டல்’ என்றே பேசுகிறார்கள். அந்தப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள், கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.