வகுப்பறைக் கொண்டாட்டத்திலிருந்து ஆசிரியர் விலகலாமா? (அமெரிக்க அரசுப் பள்ளிகள்)

கரும்பலகை:
அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், பிறகு தேங்க்ஸ்கிவிங், டிசம்பர் பார்ட்டி, பிப்ரவரியில் வேலன்டைன். இடையிடையே பிறந்தநாள் கேக். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள் மத நம்பிக்கை காரணமாக இவற்றில் கலந்துகொள்வதில்லை. அவர்களை வற்புறுத்தக்கூடாது என்பதே என் கட்சி. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, 1972 திருத்தத்துக்குப் பின் அரசுப் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. நிர்வாகத்துக்குப் பெரும் சுமையாகாதவரை ஊழியரின் மத வழக்கத்துக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும்.

முதல்மணி:
எதற்கு இடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். சிகாகோவின் பால்மர் வழக்கைப் பாருங்கள். அவரும் அதே சபையைச் சேர்ந்த மழலை வகுப்பு ஆசிரியை. கொடி உறுதிமொழி, தேசபக்திப் பாடல், சில தேசிய விடுமுறைகள் எதையும் நடத்தமாட்டேன் என்றார். 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாடத்திட்டத்தை ஆசிரியர் தன் நம்பிக்கைக்கேற்ப வெட்ட முடியாது.

கரும்பலகை:
அது பாடத்தைப் பற்றிய வழக்கு. பார்ட்டி எந்தப் பாடத்தில் வருகிறது? 1972-ல் நியூயார்க் மாநில ஓவிய ஆசிரியை ரூசோ, உறுதிமொழியின்போது வாய் திறக்காமல் நின்றார். இன்னொரு ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். தீர்ப்பு ரூசோ பக்கம். வேலை நின்றுபோகவில்லை என்பதுதான் வித்தியாசம். இன்னொன்று: 1977 ஹார்டிசன் தீர்ப்பை வைத்து, மத வழக்கத்துக்கு இடம் கொடுக்க நிர்வாகங்கள் அற்பச் செலவைக் காட்டியே மறுத்துவந்தன. 2023 குரோஃப் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளவுகோலை உயர்த்திவிட்டது. கணிசமான கூடுதல் செலவை நிர்வாகம் காட்டவேண்டும். சக ஆசிரியருக்கு அந்த மதம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது.

முதல்மணி:
சட்டம் இருக்கட்டும். 24 பிள்ளைகள், அரைமணி நேரப் பார்ட்டி. வகுப்பாசிரியர் வெளியே போனால் யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாது, யார் வீட்டில் பார்ட்டி வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று உள்ளே வருபவருக்குத் தெரியாது. வரும் பெற்றோரைப் பொறுப்பில் விடவும் முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் எழுந்து போவதே பயம்.

நடுபெஞ்ச்:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கெடுவது தாமதத்தால். டிசம்பர் பார்ட்டிக்கு முந்தைய நாள் தலைமையாசிரியரிடம் வாயால் சொன்னால் மாற்று ஆளுக்கு எங்கே போவார்? பள்ளி ஆண்டு தொடங்கும் ஆகஸ்டிலேயே எழுத்தில் கொடுக்கவேண்டும். "கொண்டாட்டங்கள்" என்று பொதுவாக எழுதாமல் ஒவ்வொன்றாக: பிறந்தநாள் பாட்டு, கதவு அலங்காரம், வேலன்டைன் அட்டை பிரிப்பது. எதைச் செய்யமுடியும் என்பதையும் சேர்க்கவேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் அந்த அரைமணி இங்கே வந்தால், பார்ட்டிக்கு வராத பிள்ளைகளை இவர் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிலுக்கு அவருடைய பேருந்து வரிசைப் பணியை ஏற்கலாம். ஒவ்வாமைப் பட்டியலைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் முன்பே ஆள் மாறினால் பிள்ளைகள் மிரளமாட்டார்கள். "ஏன் டீச்சர் வரல?" என்று கேட்டால் "நான் கொண்டாடுறதில்ல, நீங்க நல்லா விளையாடுங்க" போதும். அதற்குமேல் விளக்கினால் அது போதனை.

பார்ட்டியையே ரத்து செய்யச் சொல்லவும் முடியாது. 1986 ஃபில்புரூக் தீர்ப்புப்படி, நிர்வாகம் தருவது நியாயமான ஏற்பாடாக இருந்தால் போதும். ஊழியர் கேட்டதே கிடைக்கவேண்டியதில்லை.

முதல்மணி:
இப்படி எழுதிக் கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இசை ஆசிரியர்? டிசம்பர் கச்சேரிக்கு மதிப்பெண் உண்டு. 1980 ஃப்ளோரி தீர்ப்பு, கலாசாரப் பாடமாக நடத்தும்வரை கிறிஸ்துமஸ் பாடல்களை அனுமதித்தது. அங்கே அது பார்ட்டி இல்லை, வேலையே அதுதான்.

கரும்பலகை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாடல் பட்டியலை அவரே தேர்ந்தெடுக்கிற பள்ளியில், குளிர்காலப் பாடல்களைப் போட்டு அதே சுருதியையும் தாளத்தையும் சொல்லிக்கொடுக்கலாம். பட்டியலை மேலிடம் கொடுத்தால்தான் முட்டும்.