பழைய ஃபெர்ம்வேர் லோடரை நகலெடுப்பதா, பொதுவாக்குவதா?

கேள்வி:
லினக்ஸ் கெர்னல் டிரைவர் ஒன்றில் புதுச் சிப் சேர்க்கணும். பழைய சிப்புக்கு ஃபெர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றும் ஃபங்ஷன் 60 வரி. புதியதில் மாறுவது ஹெடர் (ஃபெர்ம்வேர் கோப்பின் தலைப்பகுதி) அளவும் செக்சம் (கோப்பு பழுதில்லை என்று சரிபார்க்கும் எண்) இருக்கும் இடமும்தான். நகலெடுத்தால் ரிவ்யூவில் திட்டு விழும். பழைய கோட்டில் நாலு ஸ்பேஸ் இன்டென்ட், கேமல்கேஸ் பெயர்கள் (சொல் நடுவே பெரிய எழுத்து), கெர்னலின் பாணி சோதிக்கும் ஸ்கிரிப்ட்டான செக்பேட்ச் கத்துகிறது. எதை முதலில் தொடுவது?

மறுமொழி 1:
முதலில் இரண்டு ஹெடரின் பைட் வரிசையைப் பாருங்க. ஒன்று பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்), மற்றது லிட்டில் எண்டியன் (சின்ன பைட் முதலில்) என்றால் ஹெடர் படிக்கும் பகுதி தனித்தனியாகவே இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்க மூன்று பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) வாங்கும் ஹெல்பர் (துணை ஃபங்ஷன்) எழுதுவது நகலைவிட மோசம். ஃபீல்டுகளை எல்இ32 (லிட்டில் எண்டியன்), பிஇ32 (பிக் எண்டியன்) வகையில் அறிவியுங்க. வெறும் யு32 போட்டால், பைட் வரிசையை மாற்ற மறந்தாலும் ஸ்பார்ஸ் (கோட்டைச் சோதிக்கும் கருவி) வாயே திறக்காது.

பொதுவாக்கியே ஆகவேண்டியது அளவுச் சோதனை. ஆஃப்செட்டும் (தரவு தொடங்கும் இடம்) நீளமும் கோப்பிலிருந்து வருபவை. இரண்டும் 32 பிட் என்றால் கூட்டும்போது சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகி, சோதனையைத் தாண்டிவிடும். ஆஃப்செட் கோப்பின் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் அளவோடு நீளத்தை ஒப்பிடுங்க. இது இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றில்தான் திருத்தம் போகும்.

பேட்ச் வரிசை: பழையதில் பக் இருந்தால் அந்தத் திருத்தம் மட்டும், பிறகு நடத்தை மாறாமல் ஹெல்பர் பிரிப்பு, கடைசியில் புதுச் சிப்.

மறுமொழி 2:
புது ஃபங்ஷன் கெர்னல் பாணியில், 8 இட டேபில். பழைய கோப்பு முழுவதையும் செக்பேட்சுக்காக மாற்றாதீங்க. ஸ்டேபிளுக்கு (பராமரிக்கப்படும் பழைய கெர்னல் வெளியீடுகள்) எடுத்துப்போகும் திருத்தங்கள் ஒட்டாது, எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமும் பாழ். வரி நீளத்துக்கு செக்பேட்ச் 2020 முதல் 100 எழுத்து வரை விடுகிறது. பாணிக் கையேடு இன்னும் 80-ஐத்தான் விரும்புகிறது. இன்டென்ட் பேட்ச் போட்டே ஆகணும் என்றால், ஸ்பேஸைப் புறக்கணிக்கும் கிட் டிஃப் காலியாக வரணும்.

மறுமொழி 3:
எல்லா நகலும் சோம்பேறித்தனம் இல்லை. ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் பிராசஸர்) கெர்னலில் இஎஃப்ஐ ஸ்டப் (இயந்திரத்தின் இஎஃப்ஐ ஃபெர்ம்வேரிலிருந்து கெர்னலைத் தொடங்கும் சின்ன நிரல்), கெர்னல் இமேஜுக்குள்ளேயே இருந்தாலும் கெர்னல் தன் முகவரியில் மேப் ஆகும் முன்பே ஓடுகிறது. பில்ட் அதன் சிம்பல்களுக்கு (ஃபங்ஷன், மாறிகளின் பெயர்கள்) முன்னொட்டு சேர்க்கும். அனுமதிப் பட்டியலில் இல்லாத கெர்னல் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் லிங்க் நின்றுவிடும். அங்கே போய் 'பொதுவாக்கு' என்று கேட்கக் கூடாது.

கேட்டவர்:
பழையதில் செக்சம் தவறினால், ஏற்றிய கோப்பின் நினைவகத்தை விடுவிக்கும் ரிலீஸ்_ஃபெர்ம்வேரைக் கூப்பிடாமலே திரும்புகிறதே?

மறுமொழி 1:
அப்போ அதுதான் முதல் பேட்ச். ஃபிக்ஸஸ் வரியில் (பக்கைக் கொண்டுவந்த கமிட்டைச் சுட்டுவது) கமிட் ஹாஷ் குறைந்தது 12 எழுத்து. கூடவே இன்டென்ட்டில் கை வைக்காதீங்க.