தேயிலை மலைப் பின்னணியில் சேர்த்த ஆள் ஏன் ஒட்டாமல் நிற்கிறார்?

ஹட்டன்_கீற்று:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. அப்புத்தளைப் பக்கம் எடுத்த போட்டோ ஒன்று பின்னணியாக இருக்கு: மூடுபனி, சரிவில் தேயிலை, கீழே பெக்டரி. அதில் கூடையோடு நிற்கிற ஒரு அம்மாவைச் சேர்க்கணும். அவங்ககிட்ட கேட்டு அனுமதி வாங்கியாச்சு. அவங்க படம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உச்சி வெயிலில் எடுத்தது, பின்னால் வெள்ளைச் சுவர். போட்டோஷொப்பில் மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கிற திரை) சுத்தமாத்தான் வருது, ஆனாலும் வெட்டி ஒட்டின மாதிரியே தெரியுது. முடி ஓரத்தில் வெள்ளைக் கோடும் நிக்குது. கடைசியில் 12க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போடணும். எதிலிருந்து தொடங்கலாம்?

பதுளை_தூரிகை:
தம்பி, மாஸ்க்கை விடுங்க, முதலில் வெளிச்சத்தைப் பாருங்க. பனிக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து மெதுவாக வரும். மூக்குக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் விழுந்த உச்சி வெயில் நிழல் அங்கே எப்படியும் பொய்யாகத்தான் தெரியும். அந்த நிழலை அழிக்க மணிக்கணக்கில் மெனக்கெடுவதைவிட, மேகம் மூடிய நேரத்தில் அதே சுவருக்கு முன்னால் இன்னொரு படம் எடுப்பதே நல்லது.

அடுத்தது கமரா உயரம். நம்ம பக்கத்துப் படங்களில் மலை விளிம்பை அடிவானமாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தப்பு. பெக்டரியின் ஒரே பக்கச் சுவரில் இரண்டு ஜன்னல் வரிசைகளுக்குக் கோடு போட்டு நீட்டுங்க. அவை சந்திக்கிற புள்ளியின் உயரம்தான் கமராவின் கண்மட்டம். மேலே நின்று எடுத்த படமென்றால் அந்தப் புள்ளி கூரைக்கும் மேலே விழும். நீங்க நின்ற அதே மட்டத்தில் அந்த அம்மாவை நிறுத்தினால், அந்தக் கோடு கமரா இருந்த உயரத்திலேயே அவங்களை வெட்டணும். கீழ்ச்சரிவில் நிறுத்தினால் தலை கோட்டுக்குக் கீழே போயிடும். அப்போ அவங்க படத்தையும் சற்று மேலிருந்து எடுத்திருக்கணும், உச்சந்தலை கொஞ்சம் தெரியணும். ஆள் அளவுக்குச் செடியைப் பாருங்க: கவ்வாத்து வெட்டிப் பராமரிக்கிற செடி ஏறத்தாழ இடுப்பளவு.

இந்தச் சிக்கல் கொம்பியூட்டரோடு வந்ததில்லை. 1857இல் புகைப்படக் கலைஞர் ஒஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். நம்ம இலங்கையில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையிலேயே போட்டோமொன்டாஜ், அதாவது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, செய்தார். அவர் படங்கள் கிடைத்தால் வெளிச்சத்துக்காகவே உட்கார்ந்து பாருங்க.

லிந்துலை_அக்கா:
வெள்ளைச் சுவர் கிடைச்சது நல்லதாப் போச்சு. முடியை வெட்டவே வேண்டாம். ஆள் லேயரை இன்னொரு கொப்பி எடுத்து கீழே வைங்க, அதை மல்டிப்ளை (வெள்ளை மறைஞ்சு இருட்டு மட்டும் கீழே பதியிற கலப்பு முறை) ஆக்குங்க. லெவல்ஸில் (வெளிச்ச அளவைத் திருத்துற இடம்) வெள்ளை ஐட்ரொப்பரால் (நிறத்தைத் தொட்டு எடுக்கிற கருவி) முடிக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டு 255க்கு, அதாவது முழு வெள்ளைக்கு, கொண்டு வாங்க. சுவர் மறைஞ்சு முடி இழை மட்டும் பனிமேல் பதியும். முடியைச் சுற்றிய இடத்தைத் தவிர மிச்சத்தை மாஸ்க்கால் மறைச்சிடுங்க. மேலே இருக்கிற சாதாரண லேயரின் மாஸ்க்கை முடிக்குள்ளே கொஞ்சம் இழுத்து மென்மையாக்கினால் வெள்ளைக் கோடு போயிடும். தலைக்குப் பின்னால் பின்னணி இருட்டா இருந்தா இது சரிவராது, ஏன்னா இருட்டுமேல் முடி காணாமப் போயிடும்.

கூடை, நெற்றிக் கயிறு, இடுப்புப் படங்கு எல்லாம் கூர்மையான ஓரம். அதுகளுக்குப் பென் டூல், ஃபெதர் (ஓர மென்மை) 0.5 பிக்சல் போதும். முடிக்கும் கூடைக்கும் ஒரே மாஸ்க் ஓரம் கொடுத்தா ரெண்டில் ஒன்று கெட்டுப்போகும்.

காலைக் காட்டாதீங்க. செடிக்குப் பின்னால் நிறுத்துங்க, பறிக்கிறவங்க அப்படித்தானே நிப்பாங்க. முன்வரிசைச் செடியைத் தனி லேயராக்கி, இலை வடிவ பிரஷ்ஷால் மாஸ்க்கின் மேல் ஓரத்தை உடைச்சு விடுங்க. புடவை செடியில் தொடுகிற இடத்தில் மல்டிப்ளை லேயர் ஒன்று 25 வீதத்தில். கீழ்ப்பகுதியில் இலைப் பச்சையை சொஃப்ட் லைட்டில் (மென்மையான கலப்பு முறை) 5 முதல் 8 வீதம். அதுக்கு மேல போட்டா ஆள் பாசி பிடிச்ச மாதிரி ஆயிடும்.

ஹட்டன்_கீற்று:
முடி சரியாயிடுச்சு அக்கா, நன்றி! வெளிச்சத்துக்கு மறுபடி எடுக்கிறேன். நிறம்தான் இன்னும் உதைக்குது. லெவல்ஸில் கறுப்பைத் தூக்கினேன், சாம்பல் பூசின மாதிரி இருக்கு.

பனிப்பாதை:
பனிக்கு நிறம் இருக்கு, நீங்க மூன்று சனலையும் (சிவப்பு, பச்சை, நீலம்) ஒரே அளவு தூக்கியதால் வந்த சாம்பல் அது. ஐட்ரொப்பரை 5க்கு 5 பிக்சல் சராசரியில் வையுங்கள். ஆள் நிற்கிற அதே தூரத்தில் இருக்கிற செடிகளுக்கு இடையே மிக இருட்டான இடத்தைத் தொடுங்கள். உதாரணமாகச் சிவப்பு 38, பச்சை 46, நீலம் 52 என்று வந்தால், ஆள் லேயருக்கு மட்டும் கிளிப் செய்த (அதை மட்டும் மாற்றும்படி கட்டிய) கர்வ்ஸ் என்ற வெளிச்ச வளைகோட்டில் ஒவ்வொரு சனலின் கறுப்புப் புள்ளியையும் அந்தந்த எண்ணுக்கு ஏற்றுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். பனி கறுப்பை மேலே தூக்குவது போலவே வெள்ளையைக் கீழே இழுக்கும், எல்லாம் பனியின் நிறத்தை நோக்கித்தான் போகும். அதனால் வெள்ளைப் புள்ளியையும் சற்று இறக்குங்கள். பிறகு சற்றுரேஷன் (நிற அடர்த்தி) 10 முதல் 20 வரை குறையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு வெள்ளை அஜஸ்ட்மென்ட் ஒன்றைப் போட்டு வெளிச்ச அளவை மட்டும் பாருங்கள். அதில் ஆள் துருத்தாவிட்டால்தான் நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

வேலையை 16 பிட்டில் (8 பிட்டைவிட நிறப் படிகள் நெருக்கமாக இருக்கும்) செய்யுங்கள். பனியில் பட்டை பட்டையாக விழுவது பெரும்பாலும் 8 பிட்டில் கர்வ்ஸை இழுப்பதால் வருவது. ஆளுக்கு முன்னால் மெல்லிய பனி வேண்டுமானால் மென்மையான பிரஷ், ஃப்ளோ (பிரஷ்ஷில் நிறம் வழியும் வேகம்) 3 முதல் 5 வீதம். அந்த லேயருக்கு 1 வீதம் நொய்ஸ் (மணல் போன்ற பொடிப் புள்ளி) கொடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக இருக்கும்.

பிரின்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படத்தை 2க்கு 3 விகிதத்துக்கு வெட்டினால் 2667க்கு 4000தான் மிஞ்சும், அதாவது அங்குலத்துக்கு 222. சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொது நிற அமைப்பில் சேமியுங்கள். ஸ்டூடியோவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அல்ல, டொகியுமென்டாக அனுப்புங்கள். பனிப் படம் கடதாசியில் திரையில் இருப்பதைவிட இருட்டாக வரும். ஆகவே முகமும் பனியும் சேர்ந்த ஒரு துண்டை, அளவைச் சுருக்காமல், 4க்கு 6 அங்குலத்தில் முதலில் அடித்துப் பாருங்கள்.