வயல்ல, தேர்ல எல்லாம் மாஸ்க் போட்டா பிரயோஜனம் இருக்கா?

மன்னை பையன்:
எங்க ஊர்ல ரெண்டு வாரமா வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருமல். அம்மாவுக்கு சுகர், வீசிங் வேற. உளுந்து பிடுங்க போறப்ப மாஸ்க் போட்டுக்கம்மான்னா "காத்தாட வேலை பாக்குற எடத்துல எதுக்குடா, மூச்சு முட்டுது"ன்னு கழட்டி இடுப்புல சொருகிக்கிறாங்க. அடுத்து திருவாரூர் ஆழித்தேருக்கு போகணும்னு ஒத்த கால்ல நிக்கிறாங்க. வெளியில மாஸ்க் போட்டா வைரஸ் பரவறது உண்மையிலேயே குறையுமா?

குடந்தை நர்ஸ்:
தம்பி, வயலப் பத்தி அம்மா சொல்றது சரிதான். எட்ட எட்ட நின்னு வேலை பாக்குறப்ப, இருமி பேசி வர்ற பொடித் துளியெல்லாம் காத்துல கலைஞ்சு போயிடும், வெயில்ல வைரஸும் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பு சிடிசி கூட 2021 ஏப்ரல்லயே கொரோனா தடுப்பூசி முழுசா போட்டவங்களுக்கு வெளியில மாஸ்க் வேணாம், பெருங்கூட்டத்துல மட்டும் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. தேர் அந்தப் பெருங்கூட்டம் தான் தம்பி. கீழவீதியில தோளோட தோள் ஒரசிக்கிட்டு நிக்கணும், சுத்தி நிக்கிறவங்க எல்லாம் "ஆரூரா தியாகேசா"ன்னு அடித்தொண்டையில கத்துவாங்க, சாதாரணமா பேசுறத விட கத்துறப்ப துளி பல மடங்கு வரும், அதுவும் நம்ம மூஞ்சிக்கு நேராவே. அங்க கட்டாயம் போடச் சொல்லுங்க.

நீடாமங்கலம்காரன்:
தேர விட எனக்கு பஸ்ஸ நெனச்சா தான் பயம். தேரன்னைக்கு படிக்கட்டு வரைக்கும் கூட்டம் தொங்கும், நடுவுல நிக்கிறவங்களுக்கு காத்தே வராது. அம்மாவ ஜன்னலோரமா உக்கார வச்சு கண்ணாடிய தொறந்து விடுங்க, ஏறுறப்பவே மாஸ்க் போட்டுறணும். வயல்லயும் டீ குடிக்க மரத்தடியில நெருக்கி உக்காருவாங்க பாருங்க, இருமுறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க.

குடந்தை நர்ஸ்:
ஆமா, பஸ் ரொம்ப முக்கியம். இன்னொன்னு, சேலைத் தலைப்ப மூடிக்கிறதும் மாஸ்க்கும் ஒன்னு இல்ல. என்95 (N95) மாஸ்க் சரியா பொருந்துனா 0.3 மைக்ரான் துகள்ல 95 சதவீதம் தடுக்கும், மூக்கு மேல இருக்கிற கம்பிய அழுத்தி விடலன்னா ஓரமாவே காத்து உள்ள போயிடும். வேர்வையில நனைஞ்சா மாத்தணும், அதனால கைல ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க. வீசிங் வந்தா கூட்டத்த விட்டு வெளிய கூட்டி வந்து கழட்டி விட்டுருங்க, இன்ஹேலர் கையிலயே இருக்கட்டும்.

மன்னை பையன்:
ரொம்ப நன்றிக்கா. அப்ப வயல்ல விட்டுடறேன், பஸ்லயும் தேர்லயும் விடமாட்டேன். ஃப்ளூ ஊசி போடலாமா?

குடந்தை நர்ஸ்:
சுகரும் வீசிங்கும் இருக்கிறவங்க வருஷா வருஷம் போடுறது நல்லது தம்பி, அவங்க பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க. போட்டு ரெண்டு வாரம் ஆகும் எதிர்ப்பு சக்தி வர, அதனால தேருக்கு முந்துன நாள் வரைக்கும் இழுக்காதீங்க.